மகனின் ஆஸ்பத்திரி பில்: பாதி என்றால் எதில் பாதி?

கேள்வி:

வணக்கம். எனக்குப் பள்ளத்தூர். காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன், சம்பளம் 18,000 ரூபாய். 2022-ல் இரண்டு பேரும் சம்மதித்து விவாகரத்து வாங்கினோம். ஒன்பது வயது மகன் என்னிடம் இருக்கிறான். அவன் அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) கோயம்புத்தூரில் கம்பெனி வேலை, சம்பளம் 72,000. மாதம் 8,000 ரூபாய் ஒழுங்காக வந்துவிடுகிறது. அது போக, "மகனின் மருத்துவச் செலவை இருவரும் சமமாக ஏற்க வேண்டும்" என்று தீர்ப்பில் ஒரே ஒரு வரி இருக்கிறது. தகராறு அதில்தான்.

போன மார்கழியில் பையனுக்கு மூச்சிரைப்பு முற்றி, மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான்கு நாள் சேர்த்திருந்தோம். பில் 68,400. எங்க ஆத்தா வளையலை அடகு வைத்துக் கட்டினோம். ஒரிஜினல் பில் எல்லாம் கேட்டார், அனுப்பினேன். கம்பெனி இன்சூரன்ஸில் போட்டு வாங்கிக்கொண்டு எனக்கு 34,200 அனுப்பினார். "சரிபாதி கொடுத்துட்டேன்" என்கிறார். இன்சூரன்ஸில் அவருக்கு 52,400 வந்திருக்கிறது. கேட்டால் "பாலிசி என்னுது, பிரீமியம் நான் கட்டுறேன்" என்கிறார். பையனுக்குப் பல்லில் கிளிப் போட 45,000 ஆகிறது. தன்னைக் கேட்காமல் ஆரம்பித்ததால் பைசா தர மாட்டாராம். இன்ஹேலர், கண்ணாடி எல்லாம் மாதப் பணத்திலேயே அடக்கமாம். பணம் வரும்வரை லீவுக்குப் பையனை அனுப்பாதே என்கிறார் அண்ணன். என்ன செய்யலாம்?

பதில்:

சகோதரிக்கு வணக்கம்.

நீங்கள் இணைத்திருந்த பில் நகலையும் இன்சூரன்ஸ் செட்டில்மென்ட் கடிதத்தையும் பார்த்தேன். மாதப் பணம் தவறாமல் வருகிறது என்பதால் இதை ஏமாற்று என்று எடுத்தவுடன் முடிவுகட்ட வேண்டாம். கணக்குத் தகராறாகவே முதலில் எடுத்துக்கொள்வோம். கணக்கு எழுதுகிறவர் நீங்கள், உங்களுக்குப் புரியவைப்பது சுலபம்.

அவர் அனுப்பிய 34,200 ரூபாய் ஆஸ்பத்திரி பில்லில் பாதி. ஆனால் இன்சூரன்ஸ் கொடுத்த 52,400 ரூபாய் உங்கள் இருவர் கையிலிருந்தும் போன பணம் இல்லை. அதைக் கழித்தால் மிஞ்சுவது 16,000. நீங்கள் இருவரும் பங்கு போட வேண்டியது அந்த 16,000-ஐ மட்டுமே, ஆளுக்கு 8,000. பில் முழுவதும் கட்டியது நீங்கள். ஆகவே அவர் உங்களுக்குத் தர வேண்டியது இன்சூரன்ஸில் வந்த 52,400, அதோடு அவர் பங்கு 8,000, மொத்தம் 60,400. இதில் 34,200 வந்துவிட்டது. பாக்கி 26,200 ரூபாய்.

சரிபார்த்துக்கொள்ளுங்கள். இப்போதைய நிலையில் உங்களுக்குக் கைநட்டம் 34,200. அவருக்கு 52,400 வந்து 34,200 போயிருக்கிறது. அதாவது மகன் ஆஸ்பத்திரியில் படுத்ததில் அப்பாவுக்கு 18,200 ரூபாய் மிச்சம். அவரே இதைப் பேப்பரில் எழுதிப் பார்த்தால் நியாயம் என்று சொல்ல மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். கம்பெனி குரூப் பாலிசியில் கிளெய்ம் பணம் ஊழியரின் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். ஆஸ்பத்திரியில் கட்டியது யார் என்று இன்சூரன்ஸ் கம்பெனி பார்ப்பதில்லை. குழப்பத்துக்கு வேர் அங்கே இருக்கிறது. தன் கணக்கில் விழுந்ததால் அது தன் பணம் என்று ஆகிவிடாது. செலவு செய்தவருக்குத் திருப்பித் தரும் தொகை அது.

பிரீமியம் விஷயத்துக்கு வருகிறேன். கம்பெனி பாலிசிகளில் ஊழியர், மனைவி, பிள்ளைகளுக்கான பிரீமியத்தைப் பெரும்பாலும் கம்பெனியே கட்டும். அவர் சம்பளத்தில் பிடித்தம் இருக்கிறதா என்பது சம்பளச் சீட்டில் தெரிந்துவிடும். பிடித்தம் இருந்தால், அதில் மகனுக்காகக் கூடுதலாகப் பிடிக்கும் தொகை எவ்வளவோ, அதில் பங்கு கேட்பது நியாயமான பேச்சு. அதற்கும் தீர்ப்பில் இடமில்லை. நீங்களாக ஒப்புக்கொண்டால் உண்டு. பிரீமியம் கட்டுகிறேன் என்பதற்காகச் சிகிச்சைச் செலவில் அவர் பங்கு இல்லாமல் போகாது.

அவர் அடுத்து ஒன்று கேட்பார், தயாராக இருங்கள்: "16,000 ஏன் வெட்டானது? நீ பெரிய ரூம் எடுத்ததால்தானே?" செட்டில்மென்ட் கடிதத்தில் விவரம் இருக்கிறது. பாலிசித் தொகை 3 லட்சம், ரூம் வாடகை வரம்பு அதில் 1 சதவீதம், நாளைக்கு 3,000. நீங்கள் எடுத்த ரூம் 4,500. நான்கு நாளுக்கு வாடகையில் மட்டும் 6,000 வெட்டு. அதோடு விடவில்லை. வரம்புக்கு மேல் ரூம் எடுத்தால் டாக்டர் விசிட், புரொசீஜர் போன்ற கட்டணங்களையும் அதே விகிதத்தில்தான், உங்கள் விஷயத்தில் மூன்றில் இரண்டு பங்குதான், கொடுப்பார்கள். அந்த வகையில் 18,000-க்கு 12,000 தந்து 6,000 வெட்டியிருக்கிறார்கள். மருந்து 20,400, பரிசோதனைகள் 8,000 முழுதாக வந்துவிட்டன. இவற்றில் விகித வெட்டு கூடாது என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. மிச்சம் 4,000 ரூபாய் கையுறை, மாஸ்க், பதிவுக் கட்டணம், நெபுலைசர் கிட் வகையறா. நெபுலைசர் கிட்டும் ஸ்பேசரும் (இன்ஹேலரில் மாட்டும் குழல்) ஆஸ்துமா பிள்ளைக்குத் தேவைப்படுபவை, ஆனால் சாதாரண பாலிசிகளில் தர மாட்டார்கள்.

ஆக 16,000-ல் 12,000 ரூபாய் ரூமினால் வந்தது. ராத்திரி அவசரத்தில் போனீர்களா, வேறு ரூம் காலியில்லை என்றார்களா? அப்படியானால் ஆஸ்பத்திரியில் ஒரு வரி எழுதி வாங்குங்கள், அட்மிஷன் நேரம் போட்டு. அது கையில் இருந்தால் ரூம் வாதம் நிற்காது. இருந்த ரூம்களில் நீங்களாகப் பெரியதைக் கேட்டு எடுத்திருந்தால் அந்த 12,000-ல் கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் பேசுங்கள். 26,200 பாக்கியில் அது பெரிய இழப்பாகாது. அடகு வட்டியைக் கேட்க நினைப்பீர்கள். மருத்துவச் செலவு என்ற தலைப்பில் அது ஏறாது, விட்டுவிடுங்கள்.

ஒரிஜினல் பில்களை நகல் எடுத்து வைத்துக்கொண்டு அனுப்பியது நல்லதாயிற்று. இன்னொன்றும் செய்யுங்கள். பெரும்பாலான பாலிசிகளில் டிஸ்சார்ஜ் ஆன பிறகு 60 நாள் வரைக்கும் அதே நோய்க்கான மருந்து, டாக்டர் கட்டணம் கிடைக்கும். சேர்ப்பதற்கு முன் 30 நாளைக்கும் உண்டு. அந்த பில்களை அவர் போட்டாரா என்று கேளுங்கள். இப்போது நாள் கடந்திருக்கலாம். ஆனாலும் தாமதத்துக்குக் காரணம் எழுதிக் கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை.

பல் கிளிப் விஷயத்தில் உங்கள் பக்கம் கொஞ்சம் பலவீனம். தீர்ப்பில் "முன்கூட்டிக் கேட்க வேண்டும்" என்று இல்லாததால், கேட்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக அவர் கைவிரிக்க முடியாது. ஆனால் நாளை நீதிமன்றத்துக்குப் போனால் அங்கே பார்ப்பது இரண்டு: தேவையா, தொகை நியாயமா. பல் மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். கடி சரியில்லை, மெல்லுவதில் சிரமம், இப்போது செய்யாவிட்டால் பிற்பாடு பல் எடுக்க வேண்டி வரும் என்பது போன்ற மருத்துவக் காரணம் உண்மையிலேயே இருந்தால் அதை எழுதச் சொல்லுங்கள். வெறும் அழகுக்கு என்றால் பாதி கேட்பது சிரமம். கிளிப் சிகிச்சைக்கு ஒரேயடியாகப் பணம் கட்டுவதில்லை. முதலில் ஒரு தொகை, பிறகு ஒவ்வொரு முறை முடுக்கும்போதும் தவணை. ஆகவே போனது போகட்டும், இனி வரும் தவணைகளின் பட்டியலை மருத்துவரிடம் வாங்கி, கடிதத்தோடு சேர்த்து இன்றைக்கே அனுப்புங்கள். "கேட்கவில்லை" என்ற பேச்சு அன்றோடு முடியும்.

"மாதப் பணத்தில் அடக்கம்" என்பதில் பாதி உண்மை இருக்கிறது. இந்துத் தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் 1956, ஜீவனாம்சம் என்பதற்குள்ளேயே மருத்துவத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறது. ஆனால் உங்கள் தீர்ப்பில் மாதத் தொகை ஒரு வரி, மருத்துவச் செலவு தனி வரி. இரண்டும் ஒன்று என்றால் இரண்டாவது வரி எதற்கு என்று கேட்டால் அவரிடம் பதில் இருக்காது. தினசரி இன்ஹேலர், மூன்று மாதத்துக்கு ஒருமுறை நுரையீரல் டாக்டர், கண்ணாடி இவையெல்லாம் தனி வரியில் வரும். சளி, காய்ச்சலுக்கு வாங்கிய 140 ரூபாய் சிரப் பில்லையும் வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறீர்கள், அதை நிறுத்துங்கள். சில்லறை பில் பத்து போனால் பெரிய பில்லையும் எதிர்த்தரப்பு அதே கண்ணோடுதான் பார்க்கும். பில்லைப் பையன் கையில் கொடுத்தனுப்புவதும் வேண்டாம்.

பில் என்றால் பில். எண், தேதி, பையன் பெயர், டாக்டர் பெயர் இருக்க வேண்டும், துண்டுச்சீட்டு ஆகாது. மருந்துக்கடை மெஷினில் அடித்துத் தரும் வழவழப்பான சீட்டு சில மாதத்தில் வெளிறிவிடும், அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து இரண்டையும் சேர்த்துப் பின் பண்ணுங்கள். பணம் உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து போகட்டும். ஆத்தா கொடுத்தாலும் முதலில் உங்கள் கணக்கில் போட்டு, அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குக் கட்டுங்கள். இல்லாவிட்டால் "நீ எங்கே செலவு பண்ணினாய்?" என்ற கேள்வி வரும். பாட்டி உதவியது உங்களுக்கும் பேரனுக்கும்தான், மருமகனாக இருந்தவரின் பங்கைக் குறைக்க அல்ல. ஆனாலும் அந்த வாக்குவாதத்துக்கே இடம் வைக்காமலிருப்பது நல்லது. எட்டணா செலவையும் பேரேட்டில் ஏற்றிய ஊர் நம்முடையது. பையன் பெயரில் ஒரு பற்று வரவு நோட்டுப் போட்டு, தேதி, எதற்கு, பில் தொகை, இன்சூரன்ஸ் தந்தது, மீதி, அவர் பங்கு, வந்த தேதி என்று ஏழு பத்தி வரைந்துவிடுங்கள்.

இனி வசூல். முதலில் ஒரே கடிதம். மேலே நான் போட்ட கணக்கை அப்படியே எழுதி, செட்டில்மென்ட் கடித நகல், பில் நகல், பல் மருத்துவர் கடிதம் இணைத்து, 15 நாளில் இன்ன வங்கிக் கணக்கில் 26,200 கேட்டு, ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பிலும் அனுப்பலாம். கோபத்தில் ஒரு வார்த்தை இருக்கக் கூடாது; நாளை நீதிபதி படிக்கப் போகும் கடிதம் அது. பழைய வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல் அதே போனில் வைத்திருங்கள். அதை நீதிமன்றத்தில் சாட்சியாகப் போட, பாரதிய சாட்சிய சட்டம் 2023-ன் 63-வது பிரிவுப்படி சான்றிதழ் இணைக்க வேண்டும், அதை வக்கீல் பார்த்துக்கொள்வார்.

பதில் வராவிட்டால் நேராக நிறைவேற்று மனுதான், அதாவது தீர்ப்பை அமல்படுத்தக் கேட்கும் மனுதான், என்று பலர் நினைக்கிறார்கள். உங்கள் விஷயத்தில் அங்கே சிக்கல் இருக்கிறது. "சமமாக ஏற்க வேண்டும்" என்ற வரியில் தொகை இல்லை, கெடு இல்லை, இன்சூரன்ஸ் பற்றிப் பேச்சில்லை. நிறைவேற்றும் நீதிமன்றம் தீர்ப்புக்குப் பின்னால் போய்ப் புதிதாகக் கணக்குத் தீர்மானிக்காது. மாதம் 8,000 நின்றுபோனால் அந்த மனு சரி, இதற்கு அது சுற்றுவழி. உங்களுக்கு ஏற்றது, தீர்ப்புக் கொடுத்த அதே நீதிமன்றத்தில் இந்துத் திருமணச் சட்டம் 1955-ன் 26-வது பிரிவின் கீழ் மனு. பிள்ளையின் பராமரிப்பு பற்றிய ஆணையை விவாகரத்துக்குப் பிறகும் மாற்றவும் தெளிவாக்கவும் அந்தப் பிரிவு இடம் தருகிறது. பாக்கித் தொகையைத் தீர்மானிக்கவும், இனிமேலுக்கு விதிமுறை வகுக்கவும் ஒரே மனுவில் கேட்கலாம்.

அந்த மனுவிலேயே இன்னொன்றும் கேளுங்கள். சரிபாதி என்பது சட்டம் விதித்த பங்கு இல்லை, 2022-ல் நீங்கள் ஒப்புக்கொண்டது. 18,000 சம்பளமும் 72,000 சம்பளமும் ஒன்றுக்கு நான்கு. 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம், பிள்ளைக்கான செலவில் உணவு, உடை, இருப்பிடத்தோடு மருத்துவத்தையும் கல்வியையும் சேர்த்துச் சொன்னது. கல்விச் செலவைப் பொறுத்து, தாயும் சம்பாதித்தால் அவரவர் வசதிக்கேற்ற விகிதத்தில் பகிரலாம் என்றது. மருத்துவத்துக்கும் அதே நியாயத்தை எடுத்து வாதிடலாம். அதே தீர்ப்புப்படி இருவரும் சொத்து, வருமானம், கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும், அவர் சம்பளச் சீட்டு அப்போது வெளியே வந்துவிடும். உங்களுடையதும்தான். புது விகிதம் பழைய பில்களுக்குப் பொருந்தும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

வக்கீல் கட்டணத்துக்குப் பயப்பட வேண்டாம். சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987-ன் 12-வது பிரிவில், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எதுவானாலும் இலவச சட்ட உதவி உண்டு. சிவகங்கையில் மாவட்ட ஆணைக்குழு இருக்கிறது. உங்களுக்குக் கிட்டத்தில் உள்ள நீதிமன்றத்தில் இயங்கும் வட்டக் குழுவிலும் விசாரிக்கலாம். 15100 என்ற எண்ணுக்கு அடித்தாலும் வழி சொல்வார்கள். என்னைக் கேட்டால் மனுப் போடும் முன் அங்கேயே சமரசத்துக்கு ஒரு விண்ணப்பம் கொடுத்துப் பார்க்கலாம். பேசி முடிந்ததை மக்கள் நீதிமன்றத்தில் பதிவு செய்தால் அது சிவில் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. பங்காளிகள், பெரியவர்கள் உட்கார்ந்து பேசுவது நல்லதுதான். ஆனால் அங்கே எழுதிய தாளை வீட்டில் வைத்துக்கொண்டால் அந்தத் தாளுக்கு அந்த பலம் வராது. பேசியதை மக்கள் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய்ப் பதியுங்கள்.

என்ன எழுதிக் கேட்பது? கிட்டத்தட்ட இப்படி:

"மகனின் மருத்துவச் செலவு என்பது ஆஸ்பத்திரி, டாக்டர், மருந்து, பரிசோதனை, பல், கண், கண்ணாடி, மனநல ஆலோசனை, ஆஸ்துமாக் கருவிகள் அனைத்தையும் குறிக்கும். எந்தக் காப்பீட்டிலிருந்தும் வந்த தொகை போக மீதியைத் தந்தை இத்தனை பங்கும் தாய் இத்தனை பங்கும் ஏற்க வேண்டும். ஆண்டுக்கு முதல் 3,000 ரூபாய் வரையிலான சில்லறைச் செலவு தாயைச் சேர்ந்தது. அவசரம் தவிர, 5,000 ரூபாய்க்கு மேலான சிகிச்சைக்கு முன் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 7 நாளில் காரணத்தோடு மறுப்பு வராவிட்டால் சம்மதம் என்று கொள்ளப்படும். பில் கிடைத்த 30 நாளில் அனுப்ப வேண்டும். அனுப்பிய 15 நாளில் மற்றவர் தன் பங்கை வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டும். காப்பீட்டுத் தொகை யார் கணக்கில் வந்தாலும், ஆஸ்பத்திரியில் கட்டியவருக்கு 7 நாளில் செட்டில்மென்ட் கடித நகலோடு மாற்ற வேண்டும். தந்தை மகனின் பெயரைப் பாலிசியில் தொடர்ந்து வைத்திருக்க வேண்டும். வேலை மாறினால் 15 நாளில் தெரிவிக்க வேண்டும்."

தொகைகளையும் நாட்களையும் உங்கள் வசதிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். "7 நாளில் மறுப்பு வராவிட்டால் சம்மதம்" என்பதையும், காப்பீட்டுத் தொகையை மாற்றித் தரும் வரியையும் மட்டும் எதற்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். மற்றவை இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம். வேலை மாறும் வரியும் சும்மா இல்லை: வேலையை விட்டால் குரூப் பாலிசி அத்தோடு முடியும், இடையில் ஒரு மாதம் பையனுக்குக் காப்பீடே இல்லாமல் போகலாம், உங்களுக்கோ ஆஸ்பத்திரி கவுண்டரில்தான் அது தெரியவரும்.

மாதப் பணம் என்றாவது நின்றால் மட்டும் ஒரு கெடுவை மனதில் வையுங்கள். குடும்ப ஜீவனாம்சத்துக்கு இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 125. அந்தப் பிரிவில் ஆணை வாங்கி வசூல் வாரண்ட் கேட்பதானால், தொகை சேர வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுப் போட வேண்டும்.

அண்ணன் சொன்னதைச் செய்யாதீர்கள். பார்க்கும் உரிமையும் பண பாக்கியும் வேறுவேறு. லீவுக்கு அனுப்ப மறுத்தால் நாளை மனுவில் ஆணையை மீறியவர் நீங்கள் என்று ஆகிவிடும், 26,200 பேச்சு பின்னால் போய்விடும். பையனை அனுப்புங்கள். கூடவே இன்ஹேலர், ஸ்பேசர், மருந்துச் சீட்டின் நகல், மூச்சிரைத்தால் எந்த மருந்து எத்தனை பஃப் என்று டாக்டர் எழுதிய தாள், நான்கும் பையில் இருக்கட்டும்.

அவன் திரும்பி வருவதற்குள் அவரிடமிருந்து மகனின் இன்சூரன்ஸ் இ-கார்டையும் ஊழியர் எண்ணையும் கேட்டு வாங்கிவிடுங்கள். காரைக்குடியிலும் மதுரையிலும் அந்தப் பாலிசியில் கேஷ்லெஸ் தரும் ஆஸ்பத்திரிகள் எவை என்று கார்டில் உள்ள எண்ணுக்கு போன் செய்து எழுதி வையுங்கள். அடுத்த முறை அட்மிஷன் டெஸ்க்கில் முதல் வார்த்தையாக ரூம் வரம்பு 3,000 என்று சொல்லிவிடுங்கள். கேஷ்லெஸ் கிடைத்தால் நீங்கள் கட்ட வேண்டியது மீதித் தொகை மட்டும், வளையல் வெளியே போகாது. உங்கள் சம்பளச் சீட்டையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். 21,000 வரை சம்பளம் உள்ளவர்களுக்குத்தான் இ.எஸ்.ஐ.; கடையில் உங்களுக்கு அந்தப் பிடித்தம் இருந்தால் மகன் பெயரும் அதில் சேரும், இன்ஹேலர் மருந்தை டிஸ்பென்சரியிலேயே கேட்கலாம். பிடித்தம் இருந்தும் மகன் பெயர் ஏறாமல் இருந்தால் ஆதாரும் பிறப்புச் சான்றும் கொடுத்து இந்த மாதமே ஏற்றச் சொல்லுங்கள்.